முதல் பொருள் வடிவமைப்பு புராஜெக்ட்: அட்டையில் தொடங்கி அச்சுப்பொறி வரை

பொருள் வடிவமைப்பும் மாதிரி உருவாக்கமும் என்ற அறிமுகப் பாடத்தில் முதல் புராஜெக்ட் கைக்கு வந்ததும் பலர் நேராகக் கணினியைத் திறந்து எதையாவது முப்பரிமாணத்தில் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் திரையில் பளபளப்பான ஒரு பொருள் சுழலும். அது யாருக்காக, ஏன் அந்த நீளம், கையில் பிடித்தால் எங்கே உறுத்தும் என்று கேட்டால் பதில் இருக்காது. மென்பொருளைப் பழகியிருப்பார்கள். வடிவமைப்பு இன்னும் தொடங்கியே இருக்காது.

நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் ஒவ்வொரு மாதிரியையும் செய்கிறோம். கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் அளவுக்கு மட்டும், முடிந்தவரை எளிய பொருளில், முடிந்தவரை விரைவில் செய்யுங்கள். விடை கிடைத்ததும் அந்த மாதிரியின் வேலை முடிந்தது. அடுத்த கேள்விக்கு அடுத்த மாதிரி.

விளக்கத்துக்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: விரல் மூட்டுவலி உள்ள ஒருவர் கதவுச் சாவியைத் திருப்ப உதவும் ஒரு சிறு கைப்பிடி. உங்கள் புராஜெக்ட் வேறாக இருக்கலாம், வழி இதுதான்.

பாடத்தில் என்னென்ன வரும்

பெரும்பாலும் மூன்று வகைப் பணிகள் வரும். முதலாவது காகிதத்திலோ அட்டையிலோ செய்யும் பயிற்சி. ஒரு தாளை மடித்தும் வெட்டியும் எடை தாங்கச் செய்வது இந்த வகை. 1919-இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், 1920-களில் ஆசிரியர் யோசஃப் ஆல்பர்ஸ் மாணவர்களின் கையில் காகிதத்தைக் கொடுத்து, கழிவு விழாமல் அதன் இயல்பையே பயன்படுத்தி வடிவம் கொண்டுவரச் சொன்னார். இன்றைய அட்டைப் பயிற்சிகள் அந்த மரபில் வருபவை. சின்னப் பிள்ளைகள் வேலை என்று நினைத்து இதை அவசரமாக முடித்துவிடாதீர்கள். தொய்ந்து விழும் தாள் ஒரே ஒரு மடிப்பு விழுந்ததும் விறைத்து நிற்பதை விரல்கள் உணர்ந்துவிட்டால், பிளாஸ்டிக் பொருள்களின் உட்புறத்தில் ஏன் வரப்பு போன்ற மெல்லிய மேடுகள் வைக்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

இரண்டாவது, இருக்கும் பொருளைப் பிரித்துப் பார்ப்பது. பழைய ஸ்டேப்ளரையோ பென்சில் சீவியையோ கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, கணினியில் மறுபடி உருவாக்கிப் பூட்டிக் காட்ட வேண்டும். கழற்றும்போதே பாகங்களை வரிசையாகத் தாளில் அடுக்கிப் படம் எடுத்துவிடுங்கள். நினைவை நம்பினால் ஒரு ஸ்பிரிங் எங்கே இருந்தது என்பது மறந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கேமரா ஃபிளாஷ், மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றைப் பிரிக்கவே வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் அவற்றின் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, ஒரு பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்து அதற்கு ஒரு பொருளை வடிவமைக்கும் திறந்த பணி. புதியவர்கள் தடுமாறுவது இதில்தான். எனவே இனி வருவதெல்லாம் இதைப் பற்றியே.

எதைத் தேர்ந்தெடுப்பது

சிறியதாகப் பிடியுங்கள். 'முதியோருக்கான வீடு' என்பது புராஜெக்ட் ஆகாது. 'சாவியைத் திருப்பும் அந்தச் சில நொடிகள்' என்பது ஆகும். தேர்ந்தெடுத்த பொருளை முழு அளவில் உங்களால் செய்ய முடிய வேண்டும். அதைப் பயன்படுத்தும் ஒருவரையாவது நீங்கள் நேரில் பார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு தலைப்பைத் தேடுங்கள்.

மோட்டார், சென்சார், செல்பேசிச் செயலி இவை எதுவும் முதல் புராஜெக்ட்டில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை சேர்ந்துவிட்டால் கிடைக்கும் வாரங்கள் எல்லாம் மின்சுற்றைச் சரிசெய்வதிலேயே போய்விடும். வடிவம், பிடி, அளவு, பொருள் ஆகிய நான்கையும் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பாடம்.

முதலில் பார்ப்பது

'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டால் உபயோகமான பதில் பெரும்பாலும் வராது. பல ஆண்டுகளாக ஒரு சிரமத்தோடு பழகிவிட்டவர் அதைச் சிரமம் என்று சொல்வதையே நிறுத்திவிட்டிருப்பார். 'சாவி திருப்புவதில் ஒன்றும் கஷ்டமில்லை' என்பார். அவர் கதவைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையிலிருந்த பையைத் தரையில் வைக்கிறார். சாவியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடிக்கிறார். திருப்பத் தொடங்கியதும் விரல்கள் வழுக்குகின்றன. இடது கையால் வலது கையைப் பற்றி, மணிக்கட்டோடு சேர்த்து உடம்பையே சற்றுச் சாய்க்கிறார். கஷ்டமில்லை என்றவரின் இரண்டு கைகளும் ஒரு சாவியில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

பார்த்தவற்றை வினைச்சொற்களாக எழுதுங்கள்: வைக்கிறார், தேடுகிறார், நுழைக்கிறார், கிள்ளிப் பிடிக்கிறார், வழுக்குகிறது, சாய்கிறார். இந்த வரிசையில் எந்த இடம் வலிக்கிறதோ அதுதான் உங்கள் புராஜெக்ட். இங்கே வலி, திருப்புவதற்குத் தேவைப்படும் விசையில் மட்டும் இல்லை. கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே, அதிலும் இருக்கிறது. ஆகவே உள்ளங்கை முழுவதும் பிடிக்கும்படியான ஒன்று தேவை.

ஆக்ஸோ நிறுவனத்தின் குட் கிரிப்ஸ் சமையலறைக் கருவிகள் 1990-இல் வெளிவந்தது இப்படிப்பட்ட ஒரு கவனிப்பிலிருந்துதான். கையில் மூட்டுவலி இருந்த மனைவி பெட்சி, காய்த்தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டதை அதன் நிறுவனர் சாம் ஃபார்பர் கவனித்தார். ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்துடன் சேர்ந்து தடித்த, மென்மையான ரப்பர் கைப்பிடி கொண்ட கருவிகளைக் கொண்டுவந்தார். மூட்டுவலி உள்ளவரை மனத்தில் வைத்துச் செய்த அந்தப் பிடி, வலியே இல்லாதவர்களுக்கும் வசதியாக இருந்தது. உங்கள் பொருளும் ஒருவருக்காகத் துல்லியமாகத் தொடங்கட்டும்.

இந்தக் கட்டத்தின் முடிவில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் தேவைகளை எழுதுங்கள், முடிந்தவற்றை எண்ணோடு. 'வசதியாக இருக்க வேண்டும்' என்ற வரியைச் சோதிக்க வழியில்லை. 'ஒரு கையால், விரல் நுனியால் கிள்ளாமல், கால் சுற்றுத் திருப்ப முடிய வேண்டும்' என்பதைச் சோதிக்கலாம். 'சாவி வளையத்தோடு சட்டைப் பையில் அடங்க வேண்டும்' என்பதையும் சோதிக்கலாம்.

அளவுகள்

ஒரு வெர்னியர் அளவி கட்டாயம் வேண்டும். சாவித் தலையின் அகலம், உயரம், தடிமன் மூன்றையும் அளந்து, தடிமனை இரண்டு மூன்று இடங்களில் அளந்து சரிபாருங்கள். எடுத்துக்காட்டுக்குத் தலையின் அகலம் 24 மி.மீ., தடிமன் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பூட்டைத் திருப்ப ஒரு குறிப்பிட்ட திருப்புவிசை (கொடுக்கும் விசையையும் அது மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரத்தையும் பெருக்கினால் வருவது) தேவை, அது மாறாது. வெறும் சாவியைப் பிடிக்கும்போது விரல்கள் மையத்திலிருந்து 12 மி.மீ. தள்ளி அழுத்துகின்றன. 80 மி.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நடுவில் சாவியைப் பொருத்தினால் அந்தத் தூரம் 40 மி.மீ. ஆகிறது. 12-ஐ 40-ஆல் வகுத்தால் 0.3. முன்பு கொடுத்த விசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுத்தாலே பூட்டு திரும்பும். இந்த ஒரு வரிக் கணக்கு, அழகழகான பத்துப் படங்களை விட உங்கள் அறிக்கைக்குப் பலம் சேர்க்கும்.

உடல் அளவுகளில் ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி மனிதருக்காக வடிவமைத்தால் சிறிய கைக்காரரும் பெரிய கைக்காரரும் சேர்ந்தே அவதிப்படுவார்கள். எட்ட வேண்டிய இடத்துக்குச் சிறிய உடலை அளவாக வையுங்கள். நுழைய வேண்டிய இடத்துக்குப் பெரிய உடலை. அதாவது ஒரு பொத்தானின் தூரம் குட்டை விரலுக்கும் எட்ட வேண்டும், ஒரு கைப்பிடித் துவாரத்தில் தடித்த கையும் நுழைய வேண்டும். துறையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லைகள், பெண்களின் அளவுகளில் 5-ஆம் சதமானமும் (நூறு பேரில் ஐந்து பேர் மட்டும் அதைவிடச் சிறியவர்கள்) ஆண்களின் அளவுகளில் 95-ஆம் சதமானமும் (நூறு பேரில் ஐந்து பேர் மட்டும் அதைவிடப் பெரியவர்கள்). அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி ட்ரேஃபஸ் 1950-களிலேயே ஜோ, ஜோசஃபின் என்று பெயரிட்ட இரண்டு உருவங்களை வைத்து இந்த அளவுகளைப் படங்களாகத் தொகுத்தார்.

வரைவது

ஓவியம் வராது என்ற தயக்கம் வேண்டாம். இங்கே வரைவது மற்றவரை மயக்குவதற்கு அன்று. மூளையில் இருப்பதை வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பதற்கு. பந்துமுனைப் பேனாவால் வரையுங்கள், அழிக்க முடியாது என்பதாலேயே. தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் குறைந்தது முப்பது வடிவங்களாவது வரையுங்கள். முதல் பத்து எல்லோருக்கும் தோன்றுபவை. அதற்கு மேல் சிறிது நேரம் ஒன்றுமே வராது. அந்த வறட்சியைத் தாண்டி வருகிறவைதான் உங்களுடையவை.

சாவிக் கைப்பிடிக்கு மூன்று வகைகள் மிஞ்சுகின்றன என்று கொள்வோம்: இருபுறமும் நீளும் பட்டை, உருண்டைக் குமிழ், ஒருபுறம் மட்டும் நீளும் நெம்புகோல். எது பிடிக்கிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிரிட்டிஷ் பொறியியலாளர் ஸ்டூவர்ட் பியூ அறிமுகப்படுத்திய ஒப்பீட்டு அட்டவணை இதற்கு மிக எளிய கருவி. ஏற்கெனவே இருக்கும் தீர்வு ஒன்றை, நமக்கு வெறும் சாவியையே, ஒப்பீட்டுப் புள்ளியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேவையிலும் ஒவ்வொரு வடிவமும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று மட்டும் குறியுங்கள். கூட்டிப் பார்த்து வெற்றியாளரை அறிவிப்பதோடு நின்றுவிட வேண்டாம். குமிழ் எங்கே தோற்கிறது, அந்தக் குறையைப் பட்டையிடமிருந்து இரவல் வாங்கிச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதில்தான் அந்த அட்டவணையின் பயன் இருக்கிறது.

அட்டை, ஃபோம், களிமண்

இந்தக் கட்டத்துக்குக் கணிசமான நேரம் ஒதுக்குங்கள். மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு இங்கே போனாலும் தவறில்லை.

நெளி அட்டையை முதலில் கவனியுங்கள். உள்ளே நெளிவுகள் ஒரு திசையில் ஓடுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் சுலபமாக மடியும். குறுக்காக மடித்தால் கசங்கி உடையும். வளைவான பரப்பு வேண்டுமென்றால் நெளிவுக்கு இணையாக ஒரு பக்கத் தாளில் மட்டும் சிறு இடைவெளிகளில் கீறிவிட்டால் அட்டை உருண்டு வரும். விறைப்பு வேண்டுமென்றால் நெளிவுத் திசையை மாற்றி மாற்றி இரண்டு அட்டைகளை ஒட்டுங்கள்.

கட்டர் கத்தியில் அலகு மழுங்கும்போதுதான் கை அழுத்தத் தொடங்கும், அழுத்தும்போதுதான் வழுக்கி விரலை வெட்டும். எனவே அலகை அடிக்கடி உடைத்துப் புதுமுனை எடுங்கள். ஸ்டீல் ஸ்கேலை வழிகாட்டியாக வைத்து, ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு மூன்று முறை இழுத்து வெட்டுங்கள். ஸ்கேலைப் பிடிக்கும் கையின் விரல்கள் கத்தி ஓடும் பாதையில் இருக்கக் கூடாது.

நம் பட்டைக் கைப்பிடியை அட்டையில் செய்வது எளிது. 80 மி.மீ. நீளமுள்ள பக்கவடிவத்தை 3 மி.மீ. அட்டையில் 8 துண்டுகள் வெட்டி ஒட்டினால் 24 மி.மீ. தடிமன் கிடைக்கும். நடுவில் சாவித் தலைக்குப் பிளவு. மதியத்துக்குள் முடிகிற வேலை. இந்த மாதிரியின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நீளம் கதவில் வேலை செய்யுமா? வண்ணமும் வேண்டாம், மழமழப்பும் வேண்டாம்.

கதவுக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். கால் சுற்று வருவதற்குள் கைப்பிடியின் நுனியும் அதைப் பிடித்திருக்கும் விரல் முட்டிகளும் கதவின் பிடியில் போய் இடிக்கின்றன. பூட்டுத் துளைக்கும் கதவுப் பிடிக்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் அளக்கவில்லை. திரையில் இந்தக் கைப்பிடி வெற்று வெளியில் மிதக்கும். இடிப்பதற்கு அங்கே கதவு இல்லை. நீளத்தை 64 மி.மீ.க்குக் குறைத்து மறுபடி செய்து பார்க்கிறீர்கள். ஆரம் 32 மி.மீ., 12-ஐ 32-ஆல் வகுத்தால் 0.375. விசை சற்றுக் கூடுகிறது, இன்னும் பாதிக்கும் குறைவுதான். முட்டிகள் தப்பிக்கின்றன. இனி யாராவது 'ஏன் 64?' என்று கேட்டால் உங்களிடம் கதவு சொன்ன பதில் இருக்கிறது.

நீளம் முடிவானதும் அடுத்த கேள்வி பிடியின் வடிவம். இதற்கு அட்டை உதவாது. மாடலிங் களிமண்ணோ ஃபோமோ வேண்டும். களிமண்ணை உத்தேச அளவில் உருட்டி, பயன்படுத்துபவரின் கையில் கொடுத்து, திருப்புவது போல அழுத்தச் சொல்லுங்கள். விரல்கள் பதிந்த தடத்தைப் பாருங்கள். எங்கே ஆழம், எங்கே தொடவே இல்லை என்பது அப்படியே பதிவாகியிருக்கும். ஆனால் அந்தத் தடத்தை அப்படியே நகலெடுத்து விரல் பள்ளங்களாக வடிக்காதீர்கள். புதியவர்களுக்கு இந்த ஆசை எப்போதும் வரும். ஒரு கைக்கு அளவெடுத்த பள்ளம் இன்னொரு கையின் விரல்களுக்கு நடுவே மேடாக உறுத்தும். தடத்திலிருந்து பொதுவான தடிமனையும் வளைவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோமில் வேலை செய்வதாக இருந்தால் மூன்று செய்திகள். தெர்மோகோல் போன்ற பாலிஸ்டைரீன் ஃபோமின் மேல் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும்; சில பசைகளும் அப்படியே. சிறு துண்டில் சோதித்துவிட்டு அடியுங்கள். சூடான கம்பியால் வெட்டும்போது வரும் புகையைச் சுவாசிக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

கணினியில்

இப்போது கணினியைத் திறக்கலாம். உங்களிடம் அளவுகள் இருக்கின்றன, வடிவம் இருக்கிறது. மென்பொருள் அவற்றைத் துல்லியமாக்கித் தரும்.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருள், 'இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்கட்டும்' என்ற உறவைக் கணினியிடம் சொல்லிவைக்க வழிசெய்தது. இன்றைய பொறியியல் மாடலிங்கின் உயிர்நாடி அந்த உறவுகள்தான். ஃப்ரீகேட், ஃப்யூஷன், ஆன்ஷேப், சாலிட்வொர்க்ஸ் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் அளவுகளும் உறவுகளும் மாறினால் உருவமும் மாறும் வகை. பிளெண்டர் என்ற மென்பொருள் முக்கியமாகச் சிறு பரப்புகளைப் பின்னி உருவம் செய்வது. பொம்மைக்கும் அசைவூட்டத்துக்கும் அருமை, அளவு பிசகாத பாகத்துக்கு அவ்வளவு ஏற்றதல்ல. ஃப்ரீகேட் இலவசம், திறந்த மூலம். உங்கள் பாடத்தில் எது நடக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

வரைபடத்தை ஆதிப்புள்ளியை மையமாக வைத்துத் தொடங்குங்கள். நம் கைப்பிடி சமச்சீரானது என்பதால், பாதியை வரைந்து மறுபாதியைப் பிரதிபலித்தாலே போதும். கோடுகள் அனைத்தும் அளவாலும் உறவாலும் முழுமையாகக் கட்டுண்டிருக்க வேண்டும். பல மென்பொருள்கள் கட்டுறாத கோட்டை ஒரு நிறத்திலும் கட்டுண்டதை வேறொரு நிறத்திலும் காட்டும். கட்டுறாத ஒரு கோடு மிச்சமிருந்தாலும், பின்னால் ஒரு அளவை மாற்றும்போது உருவம் கோணிக்கொள்ளும்.

எண்களை அங்கங்கே நேரடியாகத் தட்டச்சு செய்யாமல் பெயர் கொடுங்கள்: சாவித் தடிமன் 2, இடைவெளி 0.2, கைப்பிடி நீளம் 64. பிளவின் அகலம் என்பது சாவித் தடிமனோடு இரு மடங்கு இடைவெளி, அதாவது 2.4. நாளை வேறொரு சாவி வந்தால் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

விளிம்புகளை உருட்டும் ஃபில்லெட் கட்டளை கவர்ச்சியானது. கொடுத்த உடனே பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல் ஆகிவிடும். கடைசிக்கு விட்டுவையுங்கள். ஆரம்பத்தில் கொடுத்த ஃபில்லெட், அடிப்படை வடிவம் மாறும்போது பெரும்பாலும் முதலில் உடைவது. ஒவ்வொரு படிக்கும் 'எக்ஸ்ட்ரூட் 7' (எக்ஸ்ட்ரூட் என்பது தட்டை வரைபடத்தை இழுத்து உருவமாக்கும் கட்டளை) என்று மென்பொருள் வைத்த பெயரை 'சாவிப் பிளவு' என்று மாற்றிவிடுங்கள். குழுவாக வேலை செய்யும்போது இதன் அருமை தெரியும்.

மாதிரி முடிந்தது என்று தோன்றும்போது ஒரு சோதனை: கைப்பிடி நீளத்தை 64-லிருந்து 50-க்கும், பிறகு 90-க்கும் மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் பிழைச் செய்தி வராமல் உருவம் ஒழுங்காக நீண்டு சுருங்கினால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். சிவப்புக் குறிகள் கொட்டினால், திருத்துவதை விட முதலிலிருந்து கட்டுவதுதான் பல நேரம் சீக்கிரம் முடியும். இரண்டாம் முறை கட்டும்போது பாதி நேரம்கூட ஆகாது.

அச்சிடுவது

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் முப்பரிமாண அச்சுப்பொறிதான் பெரும்பாலான மாணவர் கூடங்களில் இருக்கும். முனைத்துளை பொதுவாக 0.4 மி.மீ., அடுக்கின் உயரம் 0.2 மி.மீ. கோப்பை, அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும்போது அந்தக் கோப்பில் அலகு எதுவும் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். 64 என்ற எண் மட்டுமே போகும். அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது போய்ச் சேரும் மென்பொருளின் ஊகம். அச்சிடும் முன் அங்கே காட்டும் அளவைச் சரிபாருங்கள்.

முழுக் கைப்பிடியை உடனே அச்சிட வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கட்டையில் 2.1, 2.2, 2.3, 2.4, 2.5 மி.மீ. என ஐந்து பிளவுகள் வைத்து அச்சிடுங்கள். எதில் சாவி இறுக்கமாக, ஆனால் சுத்தியல் இல்லாமல் நுழைகிறதோ அதுதான் அந்த அச்சுப்பொறிக்கும் அந்த இழைக்கும் உரிய அளவு. அச்சில் துளைகளும் பிளவுகளும் வரைந்ததை விடச் சற்றுச் சுருங்கித்தான் வரும். எவ்வளவு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

பிறகு, எந்தப் பக்கம் கீழே இருக்கும்படி அச்சிடுவது என்ற கேள்வி. இதைத் தற்செயலுக்கு விடாதீர்கள். அடுக்குகளுக்கு இடையேயான ஒட்டு, அடுக்குக்குள் ஓடும் இழையை விட வலுக்குறைந்தது. நம் கைப்பிடியைத் திருப்பும்போது சாவித் தலை பிளவின் சுவர்களை இருபுறமும் பிரித்துத் தள்ளும். சாவியின் தண்டு அச்சுத் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் என்று கற்பனை செய்து, பிளவின் வாய் மேலே பார்க்கும்படி வைத்து அச்சிட்டால், ஒவ்வொரு அடுக்கிலும் இழை பிளவைச் சுற்றி ஒரு முழு வளையமாக ஓடும், சுவர் பிளக்காது. பிளவுக்குள் தாங்கலும் (அச்சிடும்போது முட்டுக்கொடுத்து, பிறகு பிய்த்தெடுக்கும் பகுதி) தேவைப்படாது. அதையே நீளவாக்கில் நிற்க வைத்து அச்சிட்டால், கைப்பிடியின் நடுவில் ஒரு அடுக்கு வழியாக முறுக்கென்று ஒடிந்துவிடும். வடிவம் ஒன்றே, இழையும் ஒன்றே. வைத்த விதம்தான் வேறு.

வலு வேண்டுமென்றால் உள்நிரப்பை (பொருளின் உட்புறத்தை எவ்வளவு நிரப்புவது என்ற அளவை) 80 சதவீதத்துக்கு ஏற்றுவதற்கு முன் வெளிச்சுவரின் சுற்றுகளைக் கூட்டுங்கள். நான்கு சுற்று என்றால் 1.6 மி.மீ. சுவர். சிறு பொருள்களுக்கு 20 சதவீத உள்நிரப்பே பெரும்பாலும் போதும். 45 டிகிரியை விட அதிகமாகச் சாய்ந்து வெளியே நீளும் பகுதிக்குத் தாங்கல் தேவைப்படும் என்பது பொது வழக்கு. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் வளைந்துபோகலாம்.

லேசர் வெட்டும் இயந்திரம் உங்கள் கூடத்தில் இருந்தால் ஒன்று மட்டும்: பி.வி.சி. தகட்டை அதில் ஒருபோதும் வைக்காதீர்கள். எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும்.

கையில் கொடுத்துப் பார்ப்பது

பொருளைப் பயன்படுத்துபவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். 'அப்படி இல்லை, இப்படிப் பிடிக்க வேண்டும்' என்று சொல்லத் துடிக்கும். சொன்ன நொடியில் சோதனை முடிந்துவிட்டது. உங்கள் விளக்கத்தைச் சோதித்தவர் ஆகிவிடுவீர்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தால், தலைகீழாகப் பிடிக்கத் தூண்டும் ஏதோ ஒன்று அந்த வடிவத்தில் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெறும் சாவியாலும் கைப்பிடியாலும் மாறி மாறித் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகள் தேவைப்பட்டனவா, பையைக் கீழே வைத்தாரா, எத்தனை முறை பிடியை மாற்றினார் என்று, தொடக்கத்தில் நீங்கள் எழுதிய வினைச்சொற்களின் பட்டியலையே வைத்துப் பாருங்கள். ஒரு வில் தராசை கைப்பிடியின் நுனியில் மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாகப் பக்கவாட்டில் இழுத்தால், பூட்டு திரும்பத் தேவைப்படும் விசை எண்ணாகவே கிடைத்துவிடும். வலி இருக்கும் கையிடம் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். கைகளை மட்டும் எடுத்தாலே போதும்.

இந்தச் சோதனையில் ஏதாவது ஒரு குறை வந்தே தீரும். அதற்குத் திருத்திய மாதிரி ஒன்று செய்யும் அவகாசம் இருக்கும்படி தேதிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் முதல் அச்சு எடுப்பவருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

சமர்ப்பிப்பது

மேசையில் எல்லா மாதிரிகளையும் வரிசையாக வையுங்கள். இடித்த 80 மி.மீ. அட்டை, விரல் தடம் பதிந்த களிமண், ஐந்து பிளவுக் கட்டை, ஒடிந்த அச்சு எதையும் ஒளிக்க வேண்டாம். பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் தன் பையில்லாத வாக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு இருக்கட்டும்: இது கேட்ட கேள்வி என்ன, கிடைத்த பதில் என்ன. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

பொறியியல் வரைபடம் ஒரு தாள். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், தோற்றங்களைத் தாளில் அடுக்கியது முதற்கோண முறையா மூன்றாம் கோண முறையா என்ற குறியீடு, அளவுவிகிதம், பொருள். ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் செய்பவர் எதை நம்புவது? பொருளின் புகைப்படங்களில் ஒன்றாவது கையோடு இருக்க வேண்டும், அப்போதுதான் பார்ப்பவருக்கு அளவு தெரியும். வெள்ளைத் தாளை வளைத்துப் பின்னணியாக்கி, சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் நன்றாக வரும்.

மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கேட்பது 'ஏன்' என்ற கேள்விகளைத்தான். ஏன் 64 மி.மீ.? ஏன் விரல் பள்ளம் இல்லை? ஏன் இந்தப் பக்கமாக அச்சிட்டாய்? முந்தின நாளே வரைபடத்தைக் கையில் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு அளவின் மேலும் விரல் வைத்து, அது எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று நண்பர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த அளவுக்கு மாதிரி எதையும் காட்ட முடியவில்லையோ, அந்த அளவுக்கு அன்று மாலையே ஒரு அட்டைத் துண்டை வெட்டிச் சோதித்துவிடுங்கள்.